ராகு காலமும் மூடியும்

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் ஆய்வகத்தில் பிளாஸ்டிக்குக்குப் பாதரசத்தில்தான் முழுக்கு. 1976-இல் பால் ஸாலர் குழுவினர் விவரித்த முறை அது. ஓரிரு கிராம் பாலிப்ரொப்பிலீன், சுற்றிலும் பாதரசம், அடியில் துருத்தி மாதிரி ஓர் உலோக பெல்லோஸ். வெளியிலிருந்து 2,000 பார் வரை அமுக்குவோம். கடலின் மிக ஆழமான இடத்து அழுத்தத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. பெல்லோஸ் நகர்ந்த தூரத்திலிருந்து பாதரசத்தின் பங்கைக் கழித்தால், மிஞ்சுவது பிளாஸ்டிக் சுருங்கிய கணக்கு. பிறகு பத்து டிகிரி சூடேற்றி, மறுபடி முதலிலிருந்து.

ஒரு மாதிரிக்கு ஒரு நாள் போய்விடும். தரையில் உருண்ட பாதரச முத்துகளைத் துரத்தியதும் அந்த நாளில் சேர்த்தி. சாயங்காலம் கிராஃப் தாளில் புள்ளி வைக்கும்போது ஒன்று மட்டும் கோட்டில் உட்காராமல் முரண்டு பிடிக்கும். "ராகு காலத்துல எடுத்த ரீடிங், விடுப்பா" என்பார் சீனியர்.

இப்போது பாதரசம் இல்லை; நுரையீரலுக்கு நல்லது. உருளைக்குள் குருணையைக் கொட்டி, திரையைத் தொட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம். பிஸ்டன் அமுக்கும். உருகிய பிளாஸ்டிக் சமர்த்தாக அழுத்தத்தைப் பகிர்ந்துகொள்ளும். இறுகியதும் சுவரைப் பற்றிக்கொண்டு உராய்வில் கொஞ்சம் விழுங்கிவிடும். விஷமானாலும் பாதரசம் எல்லாப் பக்கமும் சமமாக அமுக்கியது. இந்த வித்தியாசத்தை வண்ணத் திரை காட்டாது.

புதிதாக வந்த தம்பிக்கு அந்த டீ நேரமும் அதிகம். "டேட்டாபேஸ்லயே இருக்கு சார்" என்று, அழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் பிளாஸ்டிக்கின் கனஅளவு எப்படி மாறும் என்று சொல்லும் டெய்ட் சமன்பாட்டில் எண்களைப் போட்டுவிடுகிறான். சேலஞ்சர் கப்பலின் ஆழ்கடல் வெப்பமானிகள் அழுத்தத்தில் எவ்வளவு பிசகின என்று ஆராயப்போய், நீரை அமுக்கிப் பார்த்தவர் டெய்ட். மோல்டில் வார்க்கும் பக்கெட் மூடி ஆறும்போது எவ்வளவு சுருங்கும் என்று கணக்கிட, அவர் வழிவந்த சூத்திரம்தான் இன்று காவல்.

போன வாரம் மூடி பக்கெட்டில் உட்காரவில்லை.

"மோல்டுலதான் சார் தப்பு."

"கருவியில எவ்வளவு வேகத்துல ஆறவிட்ட அளவு தம்பி இது?"

"நிமிஷத்துக்கு அஞ்சு டிகிரி."

மோல்டில் அதே பிளாஸ்டிக் சில விநாடிகளில் நூறு டிகிரிக்கு மேல் இறங்கிவிடுகிறது. அவசரத்தில் படிகம் கட்டுவது குறையும், அடர்த்தி மாறும், சுருக்கமும் மாறும்.

"உங்க காலத்துல மூடி பொருந்திச்சா சார்?"

பொருந்தவில்லை. நாங்களும் நிதானமாகத்தான் அளந்தோம். மோல்டைக் குறை சொல்லத் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். எங்களுக்கு ராகு காலம் இருந்தது.