சி.எல். எத்தனை பாக்கி?

சர்க்கார் உத்தியோகத்தில் தலை நரைத்தவர்கள் இருவர் ரயிலிலோ கல்யாணப் பந்தலிலோ முதன்முதலாகச் சந்தித்துக்கொண்டால், ஊர், பேர், இலாகா ஆகிய பூர்வாங்க விசாரணைகள் முடிந்ததும், சற்றே குரலைத் தாழ்த்தி, "உங்கள் பக்கம் சி.எல். எத்தனை நாள்?" என்று கேட்டுக்கொள்வது வழக்கம். தமிழ்நாடு சர்க்காரைச் சேர்ந்தவர் "12" என்று சொல்லும்போது அவர் முகத்தில் தோன்றும் பிரகாசத்தையும், ஐந்தாவது ஊதியக் குழுவின் கைங்கரியத்தால் 12-லிருந்து 8-க்கு இறங்கிவிட்ட மத்திய சர்க்கார்க்காரர் அதைக் கேட்டு விடும் பெருமூச்சையும், அவர்கள் சம்பளத்தை ஒப்பிட்டுப் பார்க்கும்போதுகூட நான் கண்டதில்லை.

சி.எல்., அதாவது காஷுவல் லீவ் என்ற இந்த ஆங்கிலப் பிரயோகத்தைச் சீமையிலிருந்து புதிதாக வந்திறங்கிய ஒருவர் கேட்டால், மனம் போன போக்கில், அகஸ்மாத்தாக எடுத்துக்கொள்ளும் ஓய்வு போலும் என்று நினைத்து ஏமாந்துபோவார். நம் காரியாலயங்களில் அதைப்போல முன்யோசனையோடும் கணிதத் திறமையோடும் நிறைவேற்றப்படுகிற காரியம் வேறொன்று கிடையாது. ஜனவரி மாதத்தில் புதுக் காலண்டர் சுவரில் ஏறிய அன்றே, முகூர்த்தம் குறிக்கும் ஜோசியரைப்போல் அதன் முன்னே நின்று, பொங்கல் எந்தக் கிழமை, தீபாவளி எந்தக் கிழமை, இடையிலே அகப்படும் தனி நாள் எது என்று விரல் விட்டு எண்ணாத குமாஸ்தாவை நான் பார்த்ததில்லை. இடையில் வரும் ஞாயிறும் விடுமுறை நாட்களும் சி.எல். கணக்கில் சேரா என்பது விதி. ஆகவே, பண்டிகை வியாழக்கிழமையில் வந்துவிட்டால், வெள்ளிக்கிழமைக்கு ஒன்றை மட்டும் முதலீடு செய்து நான்கு நாட்களை அறுவடை செய்துவிடலாம். இதற்குப் பிரிஃபிக்ஸ், சஃபிக்ஸ் என்று இலக்கணப் பெயர்களே உண்டு.

இதைவிட ஆச்சரியம் ஒன்று விதிப்புத்தகத்தில் இருக்கிறது. காஷுவல் லீவ் என்பது லீவே அல்லவாம்! ஈட்டிய விடுப்பு, மருத்துவ விடுப்பு முதலானவற்றுக்கு உள்ள அந்தஸ்து அதற்குக் கிடையாது, அதில் இருப்பவர் வேலைக்கு வராதவராகக் கருதப்படமாட்டார், சம்பளமும் தடைபடாது. அதாவது, வீட்டுத் திண்ணையில் தலையிலே நல்லெண்ணெய் வழிய, வெந்நீர் காய்வதற்காகக் காத்து உட்கார்ந்திருக்கும் மனிதர், சாஸ்திரப்படி அந்த நிமிஷத்திலும் கடமையிலிருந்து வழுவாதவராகவே இருக்கிறார். மாயாவாதத்தை இவ்வளவு எளிமையாக விளக்கிய வியாக்கியானம் வேறு எதையும் நான் படித்ததில்லை.

இந்த மாயைக்கும் ஒரு விண்ணப்பம் வேண்டுமல்லவா? நம்மில் பெரும்பாலோர் ஆங்கிலத்தில் முதன்முதலாகச் சுயமாக, அதாவது பக்கத்துப் பையனைப் பார்த்து, எழுதிய வாக்கியம் "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்று தொடங்குவதுதான். ஆறாம் வகுப்பில் பிடித்த அந்தக் காய்ச்சல் சிலருக்கு ஓய்வு பெறுகிற வயது வரையில் இறங்குவதே இல்லை. அனுபவம் முதிர்ந்தவர்கள் மட்டும் 'அவசர சொந்த அலுவல்' என்ற உன்னதமான நிலைக்கு உயர்ந்துவிடுகிறார்கள். காய்ச்சல் என்று எழுதினால் மறுநாள் சோர்ந்த முகத்தோடு வந்தாக வேண்டும். சொந்த அலுவல் என்றால் புதிதாக முடி வெட்டிக்கொண்டு, மாம்பழக்கூடையோடுகூட வந்து சேரலாம்.

எங்கள் பிரிவில் மூத்த குமாஸ்தா ஒருவர் இருந்தார். பல்வேறு வியாதிகளுக்கான விண்ணப்பங்களைத் தேதி போடாமல் கையெழுத்திட்டு, மேஜையின் இரண்டாவது இழுப்பறையில் அடுக்கி வைத்திருப்பார். காலையில் தொலைபேசியில் கூப்பிட்டு, "தம்பி, மேலே இருப்பதை எடுத்துத் தேதி போட்டு உள்ளே கொடுத்துவிடு" என்பார். ஒரு நாள், அவசரத்தில் தம்பி அடியிலிருந்து ஒன்றை உருவிவிட்டான். காகிதம் பழுப்பேறியிருந்தது மட்டுமல்ல, நேற்றிரவு முதல் கடும் வயிற்றுவலி என்ற அந்த முறையீடு, என்றோ மாற்றலாகிப் போய்விட்ட ஒரு சூப்பிரண்டின் பெயருக்கு எழுதப்பட்டிருந்தது. புதிதாக வந்திருந்த சூப்பிரண்டு நல்ல ரசிகர். கோபித்துக்கொள்ளாமல், 'மேற்படி வயிற்றுவலி தற்போதைய அதிகாரியின் பெயருக்கு மாற்றி எழுதப்பட்டால் பரிசீலிக்கப்படும்' என்று சிவப்பு மையில் குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினார். அந்தக் காகிதம் வெகுநாள் வரையில் எங்கள் பிரிவில் கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது.

சி.எல்.லுக்கு அரை நாள் என்ற குட்டி ஒன்று உண்டு. அதைக் கேட்டு வாங்குவோரைக் காட்டிலும் கேளாமலே பெறுவோர் அதிகம். மத்திய சர்க்கார் காரியாலயத்தில் தாமதமாக வந்தால் அரை நாள் கழிந்துவிடும். தகுந்த காரணம் சொன்னால், ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட தாமதத்தை மாதத்தில் இரண்டு தடவை அதிகாரி மன்னிக்கலாம். ஸ்பெஷல் காஷுவல் லீவ் என்ற அண்ணனோ தாராள மனப்பான்மை உடையவர். ரத்ததானம் செய்தால் உண்டு. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டால் உண்டு. பந்த் நடந்து பஸ் ஓடாமல், வீடும் காரியாலயத்திலிருந்து 3 மைலுக்கு அப்பால் இருந்தால் அப்போதும் உண்டு. தேசத்துக்காக ரத்தமோ சந்ததியோ கொடுக்க மனமில்லாதவர்கள் தூரத்திலாவது வாடகைக்கு வீடு பார்த்துக்கொள்ளலாம்.

டிசம்பர் பிறந்துவிட்டால் இந்தச் சொல்லின் தொனியே மாறிவிடும். ஈட்டிய விடுப்பைச் சரண்டர் செய்து காசாக்கிக்கொள்ள வழி உண்டு, சி.எல்.லுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. 31-ஆம் தேதி நள்ளிரவோடு மிச்சமெல்லாம் மறைந்துபோகும். ஆகவே அந்த மாதத்தில் பிரிவுக்குப் பிரிவு நாற்காலிகள் காலியாகக் கிடக்க, வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வந்த பட்டாதாரரிடம், "அந்த சீட் பார்க்கிறவர் இன்னிக்கு சி.எல்.ங்க, நாளைக்கு வாங்க" என்று பியூன் பரிவோடு சொல்லிக்கொண்டிருப்பார். அந்தப் பட்டாதாரரைப் பொறுத்தவரை சி.எல். என்பது ஃபைல் நகராது என்பதற்குச் சர்க்கார் வைத்திருக்கும் சுருக்கெழுத்து. சங்கங்களோ 'ஒட்டுமொத்தத் தற்செயல் விடுப்புப் போராட்டம்' என்று நோட்டீஸ் அடித்து விநியோகிக்கின்றன. ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரே தேதியில் தற்செயல் நேரப்போவதை முன்கூட்டியே அறிந்துகொண்ட சர்க்காரும், வேலை இல்லையேல் சம்பளம் இல்லை என்று பதில் அறிக்கை விடுகிறது.

உத்தியோகஸ்தன் சி.எல்.லைத் தன் சொந்த ஆஸ்தி என்று எண்ணிக்கொண்டிருப்பதும் பிரமைதான். வீட்டார் கண்ணுக்கு அது அவிபக்த குடும்பச் சொத்து. "என் தம்பி பையனுக்குக் காதுகுத்து, உங்களுக்கு சி.எல். இருக்குமே?" என்று என் மனைவி கேட்பது கேள்வியாகத் தோன்றினாலும், ஆபீஸ் நோட்டுப் புத்தகத்தைவிடச் சுத்தமான கணக்கொன்று அவள் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும்; என் அத்தை பெண்ணின் வளைகாப்புக்கு அரை நாள் செலவானது அதில் தேதியோடு பதிந்திருக்கும்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். சொல் ஓய்வு பெறவில்லை. காலையில் என்னோடு நடக்க வரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மழைத் தூறல் கண்டால் ஜன்னல் வழியாகவே, "இன்றைக்கு சி.எல். சார்!" என்று கையசைத்துவிடுகிறார். எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அம்மாள் போன வாரம், "வெள்ளியும் திங்களும் எனக்கு சி.எல். அம்மா, நடுவுல வர்ற சனி, ஞாயிறு கணக்குல சேராது" என்றாள். "உனக்குச் சனிக்கிழமை வேலை நாளாச்சே!" என்று என் மனைவி ஆட்சேபித்தாள்.

"ஐயாவுக்கு லீவா இருந்துச்சே அம்மா?" என்று சொல்லிவிட்டு அவள் குழாயைத் திறந்தாள்.