டி.சி. வேண்டுமா? மூன்று வருஷக் காசை வை!

பொங்கல் லீவுக்கு வீட்டுக்கு வந்த முதலாம் ஆண்டு இன்ஜினியரிங் பெண், "எனக்கு அங்க பிடிக்கலைம்மா, வேற காலேஜ் மாறிக்கறேன்" என்று சொல்லிவிட்டால் போதும். வேலூரிலும் ஆம்பூரிலும் யோசனைக்குப் பஞ்சமே வராது. ஊரிஸ் கல்லூரி 1898லிருந்து இருக்கிறது. முத்துரங்கம் அரசுக் கலைக் கல்லூரி இருக்கிறது. பெண்களுக்கென்றே டி.கே.எம். கல்லூரி இருக்கிறது. இன்ஜினியரிங்தான் வேண்டுமென்றால் பாகாயத்தில் அரசுக் கல்லூரியே இருக்கிறது. மாமா ஒரு பெயர் சொல்வார், சித்தப்பா ஒரு பெயர் சொல்வார், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மூன்று பெயர் சொல்வார். போக இடம் ஏராளம். விடத்தான் ஆள் இல்லை.

பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ் எல்லாம் சேர்ந்த அன்றைக்கே ஆபீஸ் பீரோவுக்குள் போய்விட்டனவே! "வெரிஃபிகேஷனுக்கு" என்று வாங்கியவை. அரை வருஷமாக வெரிஃபிகேஷன் நடக்கிறது. செத்துப்போன பல்லி ஒன்றும் உள்ளே கூடச் சேர்ந்து சரிபார்த்துக்கொண்டிருக்கும்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற அம்மா, அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஆபீஸ் ஜன்னலில் வந்து நிற்கிறாள். சுவரில் சேர்மன் அமைச்சருக்குச் சால்வை போர்த்தும் படம். கிளார்க் தலையை நிமிர்த்தாமலே சொல்கிறார்: "டி.சி.யா? மீதி மூணு வருஷ ஃபீஸைக் கட்டிடுங்கம்மா, இன்னைக்கே தந்துடறோம். சீட்டு காலியாப் போகுதில்ல, அதை யார் ரொப்புறது?"

"ஏதாச்சும் கொறைச்சுக்கோங்க சார்…"

"சேர்மன் ஐயா ஊர்ல இல்லம்மா. ரெண்டு நாள் கழிச்சு வாங்க."

அந்த ரெண்டு நாள் எந்தக் காலண்டரிலும் வருவதில்லை. நடக்காத வகுப்புக்கும், ஏறாத பஸ்ஸுக்கும், திறக்காத லேபுக்கும் மூன்று வருஷக் கட்டணம் கேட்க எத்தனை நெஞ்சழுத்தம் வேண்டும்!

சட்டம் இல்லையா என்றால், பேஷாக இருக்கிறது. மாணவர் எப்போது விலகினாலும் அடுத்தடுத்த வருஷக் கட்டணத்தைக் கேட்கக் கூடாது, ஏழு நாளில் சான்றிதழைத் தந்துவிட வேண்டும் என்கிறது, இன்ஜினியரிங் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் ஏ.ஐ.சி.டி.இ.யின் கையேடு. அசலைப் பார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடு, உன்னிடம் வைத்துக்கொள்ளாதே என்கிறது 2018 அக்டோபரில் வந்த யு.ஜி.சி. அறிவிக்கை. சான்றிதழ் சந்தைச் சரக்கு அல்ல, பாக்கிக்காக அதைப் பிடித்துவைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியாயிற்று. இத்தனை பேர் சொல்லியும் பீரோ சாவிக்கு மட்டும் காது கேட்கவில்லை.

கட்டிய பணம் திரும்பி வருமா? அந்த 2018 அறிவிக்கையிலேயே அதற்கும் கணக்கு உண்டு. சேர்க்கையின் கடைசித் தேதி தாண்டி 15 நாளுக்குள் விலகினால் 80 சதவீதம், 30 நாளுக்குள் 50 சதவீதம், அதற்கு மேல் பூஜ்யம். ஆகவே பிள்ளைகளே, கசப்பதாக இருந்தால் முப்பது நாளுக்குள் கசந்துவிடுங்கள். ஹாஸ்டல் சாப்பாடு, பூட்டிய லேப், ஸ்லைடைப் பார்த்து ஒப்பிக்கிற வாத்தியார் எல்லாம் முதல் மாதமே தங்கள் சுயரூபத்தைக் காட்டிவிட வேண்டும். ஒரு செமஸ்டர் பொறுத்துப் பார்ப்போம் என்று நினைத்த பெண்ணின் பொறுமைக்கு அபராதம், கட்டிய காசு அத்தனையும்.

போதாக்குறைக்கு 2021இல் டெல்லியிலிருந்து ஒரு வங்கி வந்தது, அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ். படித்த கிரெடிட்டைச் சேமித்து வேறு கல்லூரிக்குக் கொண்டுபோகலாமாம். கிரெடிட் கம்ப்யூட்டரில் பறக்கும், டி.சி. பீரோவில் தூங்கும். வாழ்க டிஜிட்டல் இந்தியா!

அந்த அம்மா தைக்கிற ஷூவை ஜெர்மனியில் ஒருவர் வாங்கி, காலைக் கடிக்கிறது என்று பெட்டியோடு திருப்பிக் கொடுக்கலாம். இன்னும் மூன்று ஜோடிக்குக் காசு வைத்தால்தான் நீ கழற்றிப் போட்ட பழைய செருப்பைத் தருவேன் என்று எந்தக் கடைக்காரனும் அவரிடம் சொல்வதில்லை.

பாலாற்றைப் பாழாக்கிய தோல் தொழிற்சாலைகளின் மேல் வேலூர்க்காரர்கள் போட்ட வழக்கில்தான், மாசுபடுத்தியவரே அதற்கான செலவைக் கட்ட வேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டம் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பெழுதியது. நாட்டுக்கே நாம் கொடுத்த நீதி அது. அதை நிறைவேற்றச் சொல்லி 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது வேறு கதை. கல்லூரி காம்பவுண்டுக்குள் அந்த நீதி தலைகீழாக நிற்கிறது. கெடுத்தவர் வசூலிக்கிறார், பாதிக்கப்பட்டவர் கட்டுகிறார்.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர்கள் வகுப்பறையின் சதுர அடியை அளப்பார்கள், லைப்ரரிப் புத்தகங்களை எண்ணுவார்கள், பிரியாணி சாப்பிடுவார்கள். பீரோவைத் திற என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். சொல்ல வேண்டிய அரசியல்வாதிகளிலோ சிலர் பீரோவுக்கே சொந்தக்காரர்கள். உறவுக்காரர்களான நாம் என்ன செய்கிறோம்? "நாலு வருஷம்தானே பாப்பா, பல்லைக் கடிச்சுக்கோ" என்கிறோம். அடைத்துவைத்தவனுக்கு நாமே வாட்ச்மேன் வேலை பார்க்கிறோம், அதுவும் சம்பளமில்லாமல்.

ஏழு நாள் என்று எழுதிவைத்த பெரியவர்களே, எட்டாம் நாள் ஒரே ஒரு கல்லூரியின் அங்கீகாரத்தில் கைவைத்துக் காட்டுங்கள். ஒன்பதாம் நாள் மாவட்டம் முழுக்க பீரோக்கள் தானாகத் திறந்துகொள்ளும். எங்கே மாறலாம் என்று மாமாவும் சித்தப்பாவும் சண்டை போடுவதில் அப்புறம்தான் ஏதாவது அர்த்தம் இருக்கும்.