மேற்குப் புறநகரில் முந்தலும் பிந்தலும்: ஒரு முன்னோட்ட ஆய்வு

புதுக் கருத்தொன்று ஊருக்குள் நுழையுங்கால் மாந்தர் மூவகைப்படுவர்: முந்துவோர், பிந்துவோர், 'நான் அப்பவே சொன்னேன்' என்போர். முதலிரு வகையினர் பற்றிப் போதிய கருத்தரங்குப் பைகள் ஏற்கெனவே வழங்கப்பட்டுவிட்டன, சுருக்கமாய்க் கடப்போம்.

முந்தலுக்குச் சான்று ஆவடி. 1955 ஜனவரியில் நேருவும் காமராசரும் இருந்த காங்கிரஸ் மாநாடு, 'சோஷலிச பாணி சமுதாயம்' என்று அங்கே தீர்மானம் போட்டது. அரசியல் சட்ட முகவுரைக்குள் 'சோஷலிச' என்ற சொல் புகுந்தது 1976இல், 42ஆம் திருத்தத்தால். ஆக, முகவுரைக்கு ஆவடி 21 ஆண்டு சீனியர்.

பிந்தலுக்கும் ஆவடியே சான்று. அங்கே உருவான அர்ஜுன் டாங்கியின் திட்டத்துக்கு 1974இல் ஒப்புதல். முதல் பதினாறு டாங்கிகள் ராணுவத்தின் கைக்குப் போனது 2004இல். ஒப்புதலன்று பிறந்த பிள்ளைக்கு அதற்குள் பெண் பார்த்திருப்பார்கள். முந்தல் 21, பிந்தல் 30, நிகரப் பிந்தல் 9. இதை நவக்கிரகங்களோடு பொருத்தும் பணியை இளம் ஆய்வாளர் எவரேனும் ஏற்கலாம். உதவித்தொகையை நெறியாளர் என்ற முறையில் நானே பெற்றுக்கொள்வேன்.

பூந்தமல்லி: மெட்ரோ தூண்களுக்கடியில் நெரிசலில் நிற்பதால் கருத்துக் கேட்க இயலவில்லை.

இனி மூன்றாம் வகை. இவர்தம் வாழிடம், 1964இல் தோன்றிய அம்பத்தூர் தொழிற்பேட்டையின் டீக்கடைகள். பட்டறை இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் எழுந்து ஐ.டி. பிள்ளைகள் கழுத்துப் பட்டையோடு வந்திறங்கியபோது, "ஷெட்டை விக்காதேன்னு அப்பவே சொன்னேன்" என்றார் ஒருவர் (வடைத்தாள், வலது ஓரம்). பக்கத்து ஷெட் விலைபோகாமல் துருப்பிடிக்கவே, "வித்துடுன்னு அப்பவே சொன்னேன்" என்றார் அவரே (மேற்படி தாள், எண்ணெய் ஊறி மறுபக்கம் தெரியும் பகுதி; வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் படிக்க). அத்திப்பட்டில் ஒரு கிரவுண்டு வாங்கச் சொன்னதும் உண்டாம் (அதே தாளை மடித்து பெஞ்சுக் காலுக்கு முட்டுக்கொடுத்தபின் கிடைத்த பாடபேதம், முதல் மடிப்பில் 'ஒரு கிரவுண்டு', மூன்றாம் மடிப்பில் 'ரெண்டு'). சாட்சிகளோ காலமாகிவிட்டனர், அல்லது அமெரிக்காவில் மகன் வீட்டில் இருக்கின்றனர்.

இவ்வகையினர் டீக்கடைக்கு மட்டும் உரியவர் என்பது பிழை. பல்கலைக்கழகங்களில் இதே உயிரினம், "இதனை யான் முன்னரே நிறுவியுள்ளேன் (காண்க: எனது நூல், அச்சில்)" என்று ஒலியெழுப்பும்.

2016இல் யு.பி.ஐ. வந்தது. பின்னர் கல்லாவருகே க்யூஆர் அட்டை தொங்கியதும் நம்மவர், "சில்லறையே இல்லாத காலம் வரும்னு அப்பவே சொன்னேன்" என்றார். சொல்லிவிட்டு வழக்கம்போல் கணக்கில் எழுதச் சொன்னார். இத்துறையில் தேதியிட்ட மூலாவணம் மாஸ்டரின் அந்தக் கணக்கு நோட்டு ஒன்றே. ஏடு ஏடாகப் பரிசோதித்தேன். அவர் சொன்னது எதுவும் அதில் இல்லை. குடித்தது மட்டும் இருக்கிறது.