மரியாதைக்கு ஒன்பது பைட்

எங்கள் வீட்டில் ஃபேன் வேகத்தைக் கூட்டுவதற்கும் என்னைக் கேட்பதில்லை, குறைப்பதற்கும் கேட்பதில்லை. சாம்பாரின் உப்பு குறித்து நான் கொண்டுவந்த தீர்மானம் எதுவும் இதுவரை விவாதத்துக்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை. இப்படிப்பட்ட ஒருவன் கையில் ஹெக்ஸ் எடிட்டர் கிடைத்தால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். எந்த ஃபைலையும் பைட் பைட்டாகப் பிரித்துப் பார்க்கலாம். பிடிக்காததை அடித்து எழுதலாம். ‘உங்களுக்கு என்ன தெரியும்’ என்று எந்த ஃபைலும் கேட்பதில்லை.

என்னுடையது லினக்ஸ் டெர்மினலில் ஓடும் ஹெக்ஸ்எடிட். மெனு கிடையாது, ஐகான் கிடையாது. கறுப்புத் திரையில் இடது ஓரம் பைட்டின் முகவரி, நடுவில் இரண்டிரண்டு இலக்கமாகப் பைட்டுகள், வலப்பக்கம் அதே பைட்டுகள் எழுத்து வடிவில். எழுத்தாக முடியாதவை வெறும் புள்ளி. டேப் தட்டினால் எண் பக்கத்திலிருந்து எழுத்துப் பக்கம் தாவலாம். ஒரு பைட்டின் மதிப்பு 0 முதல் 255 வரை. பதினாறின் அடிமானத்தில் எழுதுவதால் 00-இல் தொடங்கி எஃப்எஃப்-இல் முடியும். யாராவது பின்னால் வந்து நின்றால் நான் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக்கொண்டு ‘ம்ம்’ என்பேன். அந்த ‘ம்ம்’முக்கு அர்த்தம் ஒன்றும் இல்லை. ஆனால் காய்கறி வாங்கப் போகும் வேலை ஒரு பத்து நிமிஷம் தள்ளிப்போகும்.

மச்சினன் அனுப்பிய கிரகப்பிரவேசப் பத்திரிகை திறக்கவில்லை. பெயரென்னவோ பிடிஎஃப் என்றுதான் முடிந்தது. உண்மையான பிடிஎஃப் என்றால் முதல் நான்கு பைட் 25 50 44 46 என்று இருக்க வேண்டும். இதில் இருந்ததோ எஃப்எஃப் டி8 எஃப்எஃப். ஜேபெக் படத்துக்கு யாரோ பெயரை மட்டும் மாற்றிவிட்டிருக்கிறார்கள். “இது பிடிஎஃப் வேஷம் போட்ட படம்!” என்று கூடத்துக்கே கேட்கும்படி அறிவித்தேன்.

“முகூர்த்தம் எத்தனை மணிக்குங்க?” என்றாள் மனைவி.

“அப்பா, ‘ஃபைல்’னே ஒரு கமாண்ட் இருக்கு. பேரைக் கொடுத்தா அதுவே சொல்லிடும்” என்றான் மகன். எனக்கும் தெரியும். வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டிய அவசியம் இல்லை என்று நினைத்திருந்தேன்.

இப்படித் தோண்டிக்கொண்டே போனதில் ஒன்று கண்ணில் பட்டது. விண்டோஸ் புரோகிராம் எதைத் திறந்தாலும் முதல் இரண்டு எழுத்து எம்.இசட். டாஸ் காலத்தில் அந்த வடிவத்தை வகுத்த மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் இனிஷியல் அது. ஜிப் ஃபைல் என்றால் பி.கே.; 1989-இல் பிகேஜிப்பை வெளியிட்ட ஃபில் கட்ஸ். வேர்டில் அடிக்கும் டாக்எக்ஸ் ஃபைலும் உள்ளே ஜிப்தான் என்பதால், ஊரில் உள்ள லீவு லெட்டர், ராஜினாமா லெட்டர் அத்தனைக்கும் தலையில் அவர் பெயர். கோயில் டியூப்லைட்டில் ‘உபயம்’ எழுதியவர்களாவது கொஞ்சம் வெளிச்சத்தை மறைப்பார்கள். இவர்கள் அதைக்கூடச் செய்யவில்லை. எங்கள் வீட்டுக் கரண்ட் பில் இன்னும் என் அப்பா பெயரில் வருகிறது.

மாமியார் தெருப் பெண்களைச் சேர்த்து மாதச் சீட்டு நடத்துகிறார். கணக்குக்கு, உறவுக்காரப் பையன் ஒருவன் காலேஜில் படித்தபோது எழுதிக்கொடுத்த புரோகிராம். திறந்ததும் ஆங்கிலத்தில் ‘வெல்கம்’ என்னும். “தமிழ்ல சொல்லாதா மாப்பிள்ளை?” என்றார். சோர்ஸ் கோடு எங்கே என்று பையனைக் கேட்டால், பழைய லேப்டாப்போடு போய்விட்டதாம். ஆக, ஹெக்ஸ்எடிட்டும் நானும்தான்.

இங்கேதான் சங்கடம். ஹெக்ஸ்எடிட்டில் இருப்பதன் மேல்தான் எழுதலாம். நடுவில் நுழைக்க முடியாது. முடிந்தாலும் கூடாது. ஒரு பைட் நுழைந்தால் பின்னால் இருப்பதெல்லாம் ஓரிடம் நகர்ந்துவிடும்; புரோகிராம் பழைய முகவரியிலேயே தேடிக்கொண்டிருக்கும். ஆங்கில வெல்கத்துக்கு ஏழு எழுத்து, ஏழு பைட். யூடிஎஃப்-8 முறையில் தமிழுக்கு அந்தச் சிக்கனம் கிடையாது. உயிருக்கு மூன்று பைட், அகர மெய்க்கு மூன்று, அதன் தலையில் வைக்கும் புள்ளிக்கும் தனியாக மூன்று. ‘வணக்கம்’ 21 பைட். ஏழுக்குள் திணித்தால் ‘வண’ என்பதோடு நின்று, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி முழிக்கும். ‘வாருங்கள்’ 27; நினைக்கவே வேண்டாம். ‘வாங்க’ 15. ஏழுக்குள் அடங்கிய ஒரே வரவேற்பு ‘வா’. ஆறு பைட், மிச்சத்துக்கு ஒரு இடைவெளி. வலப்பக்கத்தில் தமிழ் தெரியாது, புள்ளிதான் தெரியும் என்பதால் ஈ0 ஏஈ பி5 ஈ0 ஏஈ பிஈ 20 என்று எண்ணாகவே அடித்தேன். நகல் எடுத்துவைத்துவிட்டுத்தான் செய்தேன். கண்ட்ரோல்-எக்ஸ் அடித்தால் சேமித்துவிட்டு வெளியேறும். கண்ட்ரோல்-சி என்றால் சேமிக்காமல் வெளியேறும். அடித்தது எக்ஸ்.

மறுநாள் சீட்டுப் பெண்கள் நான்கைந்து பேர் சூழ மாமியார் கம்ப்யூட்டரைத் திறந்தார். ‘வா’ என்றது.

“என்ன மாப்பிள்ளை, வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் ‘வா’ங்குது?”

மரியாதைக்கு இன்னும் ஒன்பது பைட் வேண்டும் அத்தை, இடம் இல்லை என்று விளக்கினேன். அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த பைட்டுகளை எந்த எடிட்டரும் காட்டாது. சாயங்காலமே பழைய நகலை மீட்டுவைத்தேன். இப்போது மறுபடியும் ஆங்கிலத்தில் வரவேற்பு. அதில் யார் பெரியவர், யார் சின்னவர் என்ற பேச்சே இல்லை.

உபய ஆசை மட்டும் விடவில்லை. கிரகப்பிரவேசத்தில் குடும்பம் முழுதும் நிற்கும் படம் ஒன்று இருக்கிறது. எடுத்தவன் நான் என்பதால் அதில் நான் இல்லை. ஜேபெக் படம் எஃப்எஃப் டி9 என்ற இரண்டு பைட்டோடு முடிந்துவிடும். அதற்குப் பின்னால் எதை ஒட்டினாலும் படம் காட்டும் மென்பொருள்கள் கண்டுகொள்வதில்லை. ‘உபயம்’ என்று 15 பைட், அதோடு என் பெயர், இனிஷியல். ஒட்டிவிட்டேன். படத்தில் ஒரு புள்ளி மாறவில்லை. ஹெக்ஸ்எடிட்டில் கடைசி வரிக்குப் போனால் நான் இருக்கிறேன்.

மனைவி அந்தப் படத்தைக் குடும்பக் குரூப்பில் போட்டாள். அனுப்பும்போதே ஆப் படத்தைச் சுருக்கிப் புதிதாக எழுதிவிடுகிறது. மச்சினனிடமிருந்து திரும்ப வாங்கித் திறந்து பார்த்தேன். எஃப்எஃப் டி9, அதோடு சரி.

“என்னங்க, படம் ரொம்ப நல்லா இருக்காம், யாரு எடுத்ததுன்னு அண்ணி கேக்கறாங்க” என்றாள் மனைவி.

நான் கண்ணாடியை இறக்கிக்கொண்டு நிமிர்ந்தேன்.

“பையன்னு சொல்லிட்டேன்.”