99 பைசாவுக்கு வக்கில்லாத ஊர்

வீட்டுக்கொரு தொழில்முனைவோர் வேண்டும் என்று ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு மேடைக்கு மேடை சொல்லி வருகிறார். நல்ல ஆசைதான். ஆனால் அதே ஆந்திராவின் நாகலாபுரத்தில் வீட்டுக்கொருவர் ஏற்கெனவே இருக்கிறார். விடியற்காலையில் வாசலில் இட்லிக் குண்டானை ஏற்றும் அக்கா, ஊத்துக்கோட்டையிலிருந்து காய்கறி எடுத்து வந்து தெருத்தெருவாகக் கூவும் அண்ணன், தையல் மெஷினோடு மல்லுக்கட்டும் பெண். இவர்களிடம் முனைப்புக்குக் குறைவே இல்லை. முதல்தான் இல்லை. அந்த முதலைத் தருகிறேன் என்று அரசு வாயைத் திறக்கும்போதுதான் கூத்து ஆரம்பம்.

கூத்துக்கு முன் கோயிலைச் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணதேவராயர் தன் தாய் நாகமாம்பாள் நினைவாக உண்டாக்கிய ஊர் என்பார்கள். இங்குள்ள வேதநாராயண சுவாமி சன்னிதி மேற்கு பார்த்தது. சூரிய பூஜை நாட்களில் மாலை வெயில் முதல் நாள் பெருமாளின் பாதத்தில் விழும், இரண்டாம் நாள் நாபியில், மூன்றாம் நாள் சிரசில். கோபுர வாசலைத் தாண்டி, மண்டபத்தைத் தாண்டி, கருவறை வரைக்கும் வெளிச்சத்தைக் கொண்டு சேர்க்கிற கணக்கு ஐநூறு வருஷத்துக்கு முன்பே இந்த ஊர் ஸ்தபதிக்குத் தெரிந்திருந்தது. பட்ஜெட் பணத்தை டெல்லியிலிருந்து இதே ஊரின் பஜார் தெரு வரைக்கும் கொண்டு சேர்க்கிற கணக்குதான் இன்றுவரை எந்த நிதியமைச்சருக்கும் பிடிபடவில்லை.

அறிவிப்புக்குப் பஞ்சமில்லை. 2025 பிப்ரவரி 1 அன்று நிர்மலா சீதாராமன் வாசித்த பட்ஜெட்டில், முதல்முறை தொழில் தொடங்கும் 5 லட்சம் பெண்கள், தலித்துகள், பழங்குடியினருக்கு 2 கோடி ரூபாய் வரை கடன் என்றார். குறுந்தொழில் செய்பவர்களுக்கு 5 லட்சம் வரம்புள்ள கிரெடிட் கார்டு என்றார். அதே மாதம் 28ஆம் தேதி ஆந்திர அரசு தன் பங்குக்கு 3.22 லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட்டைப் போட்டது. கோடிகளைக் கேட்டுக் கேட்டு நம் காதுகள் நிரம்பிவிட்டன. கைகள் அப்படியேதான் இருக்கின்றன.

சரி, நாகலாபுரத்து அக்கா ஒருவர் மசாலாப் பொடி அரைக்கும் யூனிட் போட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பட்ஜெட் மளிகைக்கடை நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அரவை மெஷின் இவ்வளவு, த்ரீ-பேஸ் கனெக்‌ஷன் இவ்வளவு, முதல் லோடு மிளகாயும் மல்லியும் இவ்வளவு, பாக்கெட் கவர் இவ்வளவு. எல்லாம் சேர்த்து 5 லட்சம். எத்தனை கடை வாங்கும், எந்தக் கடைக்காரர் பாக்கி வைப்பார், ஆடியில் வியாபாரம் எவ்வளவு படுக்கும் என்பதெல்லாம் அவருக்கு விரல்நுனியில். அந்த நோட்டை எந்த அதிகாரியும் தொடமாட்டார். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் வேண்டும். அதை ஆடிட்டர் ஆபீஸில் ஒரு பையன் இங்கிலீஷில் அடித்துத் தருவான். போன வாரம் ஒரு கோழிப்பண்ணைக்கு அடித்த ரிப்போர்ட்டில் பெயரை மட்டும் மாற்றுவான். மூன்றாம் வருஷ லாபத்தை ரூபாய் சுத்தமாக எழுதுவான். அக்காவுக்குத் தெரிந்த உண்மைக் கணக்குக்கு மதிப்பில்லை. யாருக்கும் தெரியாத பொய்க் கணக்குக்கு சீல் உண்டு.

அடுத்து, பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம். 2008இல் தொடங்கியது, கதர் கிராமத் தொழில் ஆணையம் நடத்துவது. கிராமத்துப் பெண்ணுக்கு 35 சதவீத மானியம் என்று சுவரெங்கும் எழுதியிருப்பார்கள். 5 லட்சத்துக்கு 1,75,000 ரூபாய். அக்கா தன் கையிலிருந்து 5 சதவீதம், அதாவது 25,000 போட வேண்டும். மீதி 4,75,000 ரூபாய் வங்கிக் கடன். மானியம் அவர் கையைத் தொடாது. வங்கியில் டெபாசிட்டாக மூன்று வருஷம் உட்கார்ந்திருக்கும். அதற்கு வட்டி இல்லை; அந்த அளவு கடனுக்கும் வட்டி போடமாட்டார்கள், அதுவரை நியாயம். மூன்று வருஷம் முடிந்து, யூனிட் ஓடுகிறதா என்று ஆள் வந்து பார்த்து எழுதினால்தான் கடனில் கழியும். ஏழையை நம்புவதற்கு அரசுக்கு மூன்று வருஷம் பிடிக்கிறது.

வங்கியில் என்ன நடக்கும்? எந்த வங்கி என்று கேட்காதீர்கள். நீங்கள் போய்வந்த வங்கியை நினைத்துக்கொள்ளுங்கள்.

"வீட்டுப் பட்டா இருக்காம்மா?"

"மாமியார் பேர்ல இருக்குங்க சார்."

"அப்ப மாமியார ஜாமீன் போடச் சொல்லு."

"இவ்வளவு சின்னக் கடனுக்கு ஈடு கேட்கக் கூடாதுன்னு சொன்னாங்களே சார்?"

"யாரும்மா சொன்னது?"

சொன்னது ரிசர்வ் வங்கி, சார். இந்தத் திட்டத்தில் இந்த அளவு கடனுக்கு ஈடு கேட்கக் கூடாது என்பது அவர்கள் போட்ட உத்தரவு. உங்கள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் குலதெய்வம் படத்துக்குப் பக்கத்தில் இடமிருந்தால் செருகி வையுங்கள்.

பிறகு விண்ணப்பம் மேலே போகும். மேலே என்றால் எங்கே என்று மேலே இருப்பவருக்கே தெரியாது. 2022 ஏப்ரலில் நாகலாபுரம் சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி மாவட்டத்துக்கு வந்தது. மனுவோடு நிற்க வேண்டிய வாசல் மாறியது, நிற்பது மாறவில்லை. சோமுகாசுரன் கடலுக்கடியில் ஒளித்த வேதத்தையே மீன் உருவெடுத்து மீட்டு வந்த பெருமாள் குடியிருக்கும் ஊர் இது. அவரே வந்தாலும் வங்கி அலமாரிக்குள் போன ஃபைலை மீட்க முடியாது. ஆதார் இருக்கிறதா என்று அவரையும் கேட்பார்கள்.

இப்போது இன்னொரு விண்ணப்பதாரரைப் பாருங்கள். பெயர் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ். 2025 ஏப்ரலில் விசாகப்பட்டினத்தில் 21.16 ஏக்கர் நிலத்தை அந்த நிறுவனத்துக்கு 99 பைசாவுக்கு ஒதுக்க ஆந்திர அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஏக்கருக்கு 99 பைசாவா, மொத்தத்துக்குமா என்ற சண்டை நமக்கு வேண்டாம். எப்படிப் பெருக்கினாலும் 21 ரூபாயைத் தாண்டாது. 12,000 பேருக்கு வேலை தருவார்களாம். தரட்டும், வாழ்த்துகள். ஆனால் மாமியார் பட்டாவை யாரும் அவர்களிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

99 பைசாவை எப்படிக் கட்டியிருப்பார்கள் என்பதுதான் என் கவலை. 25 பைசாவும் அதற்குக் கீழுள்ள காசுகளும் 2011 ஜூன் கடைசியோடு செல்லாமல் போய்விட்டன. இரண்டு 50 பைசாவைக் கொடுத்திருந்தால் அரசு 1 பைசா மீதி தந்திருக்க வேண்டும். நாட்டில் அந்தக் காசு இல்லை. ஒருவேளை அந்த ஒரு பைசாவைத்தான் நாகலாபுரம் போன்ற ஊர்களின் தொழில் வளர்ச்சிக்கு ஒதுக்கியிருக்கிறார்களோ?

இது ஒரு கட்சியின் குணம் என்று யாரும் நிம்மதியடைய வேண்டாம். 2019 செப்டம்பரில் மத்திய அரசு கம்பெனிகளுக்கான வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தது. புதிய ஆலைகளுக்கு 15. வருஷத்துக்கு 1.45 லட்சம் கோடி வருவாய் போகும் என்று அரசே சொன்னது. அந்தப் பணம் எங்காவது டெபாசிட்டில் உட்கார்ந்ததா? மூன்று வருஷம் கழித்து ஆள் போய்ப் பார்த்து எழுதினாரா? பெரியவர்களுக்குக் கொடுத்தால் அதன் பெயர் ஊக்கம். சின்னவர்களுக்குக் கொடுத்தால் அதன் பெயர் இலவசம், அதற்கு ஒரு போட்டோ, ஒரு பொன்னாடை, ஒரு வசவு.

நாகலாபுரம் இருக்கும் சத்யவேடு தொகுதியில்தான் ஸ்ரீசிட்டியும் இருக்கிறது. அங்கே 2025 மே மாதம் எல்.ஜி. நிறுவனத்தின் சுமார் 5,000 கோடி ரூபாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். சுற்று வட்டாரத்துப் பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறி அங்கே ஷிப்டுக்குப் போகிறார்கள். வீட்டுக்கொரு தொழில்முனைவோர் என்ற முழக்கம் தரையிறங்கும்போது வீட்டுக்கொரு காண்ட்ராக்ட் தொழிலாளி ஆகிறது. அரசுக்கு உண்மையில் தேவைப்பட்டது அதுதானோ என்று கேட்கத் தோன்றுகிறது.

இலவச நிலம் வேண்டாம், ஐயா. மூன்றே மூன்று செய்யுங்கள். கடன் மனுவைத் தள்ளினால் ஏன் தள்ளினீர்கள் என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதிக் கொடுங்கள். எந்தத் தேதியில் வந்த மனு யார் மேசையில் கிடக்கிறது என்று கிராம அரசு அலுவலகத்தின் சுவரில் மாதாமாதம் ஒட்டுங்கள். கூடாத ஈட்டைக் கேட்கும் அதிகாரியின் மீது ஒரு தடவையாவது நடவடிக்கை எடுத்துக் காட்டுங்கள். இவற்றுக்கு பட்ஜெட்டில் ஒரு ரூபாயும் ஒதுக்க வேண்டியதில்லை. ஆகவே செய்யாமலிருப்பதற்கு நிதி இல்லை என்ற காரணத்தை இனி எந்த அமைச்சரும் சொல்ல முடியாது.