கல்லறைகளிலும் மேல் கீழ் உண்டு

மலாக்காவுக்குப் போகிறவர்கள் குன்றின் மேலிருக்கும் செயின்ட் பால் தேவாலயத்தைப் பார்க்காமல் திரும்பிவிடக் கூடாது. கூரை கிடையாது. செம்புரைக்கல் சுவர்கள் மட்டும் வெயிலில் வெந்துகொண்டு நிற்கின்றன. ஜன்னல் ஓட்டைக்குள் முகத்தைக் கொடுத்தால் படம் அற்புதமாக வரும். கல்யாண ஜோடிகள் வருகிறார்கள், முதுகுப்பைக்காரர்கள் வருகிறார்கள், சென்னையிலிருந்து நாம் வருகிறோம். வந்து, மூச்சு வாங்க நின்று, நம்மில் ஒருவர் தவறாமல் அந்த வசனத்தைச் சொல்கிறார்: "வெள்ளைக்காரன் கட்டினா கட்டினதுதான் சார். 500 வருஷமா நிக்குது பாருங்க!"

500 வருஷத்துக்கு முன்னால் இதே ஊரில் நின்ற பள்ளிவாசல் ஏன் நிற்கவில்லை என்று அவரிடம் கேட்டுவிடாதீர்கள். கீழே பஸ் காத்திருக்கிறது, பிரியாணி ஆறிக்கொண்டிருக்கிறது.

1521-ல் துவார்த்தே கோயெல்யோ என்ற போர்த்துக்கீசியப் பிரபு, கடலில் புயலுக்குத் தப்பியதற்கு நன்றியாக மாதாவுக்குக் கட்டிய கோயில் இது என்பார்கள். நன்றி பெரிய குணம்தான். அதற்குப் பத்து வருஷம் முன்பு, 1511-ல், அவர் நாட்டுப் படையிடமிருந்து மலாக்காவைக் காப்பாற்ற யாரும் வரவில்லை. அதனால் அந்த ஊருக்கு நன்றிக்கடன் தீர்க்கும் செலவு மிச்சமாயிற்று. ஊரைப் பிடித்த அல்புகெர்க் குன்றின் அடிவாரத்தில் கோட்டை எழுப்பினார். கல் எங்கிருந்து வந்தது? பள்ளிவாசலிலிருந்து வந்தது, செத்துப்போன சுல்தான்களின் சமாதிகளிலிருந்து வந்தது. சுமந்தவர்கள் யார்? சுல்தானிடம் அடிமைகளாக இருந்தவர்கள். எஜமானனின் சமாதியைப் பெயர்த்து அடுத்த எஜமானனுக்குச் சுவர் வைக்கும் பாக்கியம் எல்லா அடிமைக்கும் வாய்க்காது.

இப்போது தேவாலயத்துக்குள் போய்ப் பாருங்கள். சுவரோரம் ஆளுயரக் கல்லறைப் பலகைகள் வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. குலச்சின்னம், மண்டையோடு, குறுக்கே இரண்டு எலும்பு, வளைத்து வளைத்துச் செதுக்கிய எழுத்து என எல்லாம் பத்திரம். சேர்ந்தாற்போல் நாலு நிமிஷம் நின்றால், எந்த டச்சு அதிகாரி எந்த வருஷம் கண்ணை மூடினார் என்று தடவிப் பார்த்தே சொல்லிவிடலாம். அயல்நாட்டுக் கம்பெனிக்குக் கணக்கெழுத வந்து செத்தவனுடைய கல்லுக்கு இந்த மரியாதை. ஊரை ஆண்டவர்களின் சமாதிக் கல்லோ கோட்டைச் சுவருக்குள் போய், 1807 வாக்கில் ஆங்கிலேயக் கம்பெனி அந்தக் கோட்டைக்கு வெடி வைத்தபோது அதோடு போயிற்று. மிஞ்சியது ஒரு வாசல்தான். அதுவும் ராஃபிள்ஸ் தலையிட்டதால் பிழைத்தது என்று வழிகாட்டிகள் நெகிழ்கிறார்கள். வெடி வைத்த கம்பெனியிடம்தான் அந்த ராஃபிள்ஸ் சம்பளம் வாங்கினார் என்பது நெகிழ்ச்சியைக் கெடுக்கும் தகவல்.

1641-ல் வந்த டச்சுக்காரர்கள் சீர்திருத்தச் சபையினர். கத்தோலிக்கரின் கோயிலைப் பெயர் மாற்றித் தமதாக்கிக்கொண்டார்கள். 1753-ல் கீழே தங்களுக்கென்று புதிதாக ஒன்றைக் கட்டி முடித்ததும் இதை இடுகாடாக்கிவிட்டார்கள். ஆங்கிலேயர் இன்னும் தெளிவானவர்கள், உள்ளே வெடிமருந்து அடுக்கினார்கள். ஆளுக்கொரு கடவுள் என்று சொல்லிக்கொண்டு வந்த எல்லோருக்கும் வேண்டியிருந்தது மேட்டு நிலம், கீழே கப்பல் வரும் ஜலசந்தி, அதில் வசூல். குன்று மட்டும் இல்லையென்றால் மாதாவுக்கு இங்கே கோயிலே கிடைத்திருக்காது.

நடுவில் கம்பிவலை போட்ட குழி ஒன்று இருக்கிறது. புனித சவேரியாரின் உடல் 1553-ல் சில மாதங்கள் இங்கே இருந்து, பிறகு கோவாவுக்குப் போய்விட்டது. காலிக் குழிதான் என்று தெரிந்தும் ஜனங்கள் வலை வழியாகக் காசு போடுகிறார்கள். நம் முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே ஊழியம் செய்தவர் என்பதால் நமக்குக் கூடுதல் உரிமை. இரண்டு காசு சேர்த்தே போடலாம். வெளியே நிற்கும் அவருடைய சிலைக்கு வலக்கை இல்லை. மரம் விழுந்து கை போன கதையை வழிகாட்டிகள் மயிர்க்கூச்செறியச் சொல்வார்கள். 1546-ல் அவர் போர்த்துக்கீசிய மன்னருக்குக் கடிதம் எழுதி, கோவாவுக்கு மதவிசாரணை மன்றம் வேண்டும் என்று கேட்டதைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள். 1560-ல் மன்றம் வந்தது. 1812 வரை ஏறக்குறைய இடைவிடாமல் இருந்தது.

பாரம்பரியத்தைப் பேணுவதில் இன்றைய அதிகாரிகளும் சளைத்தவர்கள் அல்ல. 2006-ல் இந்தப் பழமையையெல்லாம் உயரத்திலிருந்து சுற்றிப் பார்க்க ஒரு சுழல் கோபுரம் கட்டக் குழி தோண்டினார்கள். கீழே பழைய கோட்டையின் கொத்தளமே கிடந்தது! கோபுரத்தை வேறிடத்துக்குத் தள்ளினார்கள். கொத்தளத்தைப் புதுக்கல் வைத்துக் கட்டி முடித்தார்கள். 2008-ல் யுனெஸ்கோ அங்கீகாரம் வந்தது. குன்றின் அடியில் சுல்தானின் அரண்மனையும் இருக்கிறது, 1980-களில் செய்த மர நகல். கொள்ளையடித்தவனுடையது அசல், பறிகொடுத்தவனுடையது மாதிரி.

இதில் நம் பங்கும் உண்டு. நினா சட்டு என்று போர்த்துக்கீசியர் எழுதிவைத்த தமிழ் வணிகர், சுல்தானிடம் சிறைப்பட்டிருந்த போர்த்துக்கீசியருக்கு உதவினார். ஊர் கைமாறியதும் அவரை பெண்டஹாரா ஆக்கினார்கள், கிட்டத்தட்ட மந்திரி. 1514-ல் பதவியைப் பிடுங்கி இன்னொருவருக்குக் கொடுத்தார்கள். நினா சட்டு ஊரறியச் சிதை மூட்டி அதில் ஏறிவிட்டார். நம் சுற்றுலாக் குழுவில் யாருக்கும் அவரைத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கே வாட்ஸ்அப்பில் வந்திருக்கும்: "அப்பவே மலாக்காவில் நம்மாளு மந்திரி!" சிதையை வெட்டிவிட்டு.