பால்ரஸ் குண்டுக்கும் ஒரு கிரிவலம்

திருவண்ணாமலையில் இரண்டு வகைச் சுற்றல் உண்டு. ஒன்று, பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் மலையைச் சுற்றும் 14 கிலோமீட்டர் கிரிவலம். மற்றொன்று, டூவீலர் பட்டறைகளில் அன்றாடம் நடப்பது. கை நழுவிய சர்க்கிளிப்பையோ பால்ரஸ் குண்டையோ தேடி, மெக்கானிக்கும் பட்டறைப் பையனும் வண்டிக்காரரும் தவழ்ந்தபடி வண்டியைச் சுற்றுவார்கள். முன்னதில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்து நிம்மதி அடைகிறார்கள். பின்னதிலும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறார்கள், நிம்மதிதான் கிடைப்பதில்லை. இதற்குக் காரணம் சனியும் அல்ல, பையனின் ஜாதகமும் அல்ல, முறை இல்லாததே. பட்டறையில் விழுந்த பொருள் கிடைக்காமல் போவது நாம் அதைத் தேடுவதால்தான். தேடுவதை விட்டுவிட்டுப் பெருக்கினால் பெரும்பாலும் கிடைத்துவிடும் என்பதே என் வாதம்.

தேடுவது என்றால் என்ன? பொருள் எங்கே இருக்கும் என்று ஊகித்து அங்கே போய்ப் பார்ப்பது. ஊகம் பெரும்பாலும் காலடியில் தொடங்கிக் காலடியிலேயே முடிகிறது. பொருளுக்கோ அந்தக் கட்டுப்பாடு கிடையாது. சைக்கிளின் பின்சக்கர அச்சில் பக்கத்துக்கு 9 வீதம் 18 குண்டுகள். கால் அங்குல எஃகு உருண்டை சிமென்ட் தரையில் விழுந்தால் துள்ளும், துள்ளியபின் உருளும், தரையின் சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் போய்ச் சேரும். சர்க்கிளிப் இன்னும் மோசம். இடுக்கியில் நெருக்கிப் பிடித்திருக்கும்வரை அது வில்லாக வளைந்த எஃகு. நழுவிய கணத்தில் எத்திசையும் போகும் உரிமை பெற்ற அம்பு. சாதாரண வாஷர்கூட விளிம்பில் நின்று விழுந்தால் சக்கரமாகிவிடுகிறது. போய்ச் சேர்ந்த இடமும் கிரீஸும் கருப்பெண்ணெயும் மண்ணும் கலந்த கருந்தரை. விழுந்த பொருளும் அதே நிறம். இத்தனைக்கும் நடுவே மனிதன் ஒரே இடத்தைப் பத்து முறை பார்த்துவிட்டு, எல்லா இடத்திலும் பார்த்தாயிற்று என்று அறிவிக்கிறான்.

இந்த ஊர்க்காரருக்கு இதைப் புரியவைக்கக் கிரிவலப் பாதையே போதும். இந்திரன், அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானம் என்று எட்டுத் திக்குக்கு எட்டு லிங்கங்கள். அக்னி லிங்கத்துக்கும் எம லிங்கத்துக்கும் இடையே பத்து முறை போய்வந்தவரைக் கிரிவலம் முடித்தவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பட்டறைத் தரையையும் எட்டாகப் பிரித்து, ஒன்றையும் விடாமல், ஒன்றுக்கு இரண்டாம் முறை போகாமல் வந்தால் போதும். நம்பாதவர்கள் ஆஸ்திரேலியாவைப் பார்க்கலாம். 2023 ஜனவரியில் அங்கே சுரங்கத்திலிருந்து பெர்த்துக்குப் போன லாரியிலிருந்து 8 மில்லிமீட்டர் நீளமுள்ள கதிரியக்கக் குப்பி ஒன்று விழுந்துவிட்டது. அதிர்வில் ஒரு போல்ட் கழன்று, அந்தத் துளை வழியே நழுவியிருக்கும் என்று கருதினார்கள். வழி 1,400 கிலோமீட்டர். எந்த வளைவில் விழுந்திருக்கும் என்று அவர்கள் ஊகித்துக்கொண்டு நிற்கவில்லை. கதிரியக்கத்தை உணரும் கருவியை வண்டியில் கட்டிச் சாலையை அளந்தபடியே போனார்கள். பிப்ரவரி 1ஆம் தேதி சாலையோரத்திலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி அது கிடைத்தது. பத்துக்குப் பத்து பட்டறையில் கிடைக்காது என்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

அவ்வளவு தூரம் போவானேன்? அருணாசலேசுவரர் கோயிலில் பௌர்ணமிக்குப் பின் உண்டியல் எண்ணுகிறார்கள். மலைபோலக் குவிந்த காசும், நடுவே மூக்குத்தியும் தாலிப்பொட்டும் கலந்து கிடக்கும். தரையில் கொட்டித்தான் எண்ணுகிறார்கள். ஆனால் எண்ணும் இடம் அதற்கென்றே ஒழித்து வைக்கப்பட்டது, முடியும்வரை அங்கே வேறு வேலை நடக்காது. தங்கப் பட்டறைகளில் இன்னும் கறார். ராவிய தூள் மட்டுமல்ல, தரைக் குப்பையும் கைகழுவிய நீரும்கூட வீணாவதில்லை. கோவையில் பட்டறைத் தெருச் சாக்கடை மண்ணை அரித்தே தங்கம் எடுத்துப் பிழைக்கிறவர்கள் உண்டு. கண்ணுக்கே தெரியாத பொன்துகள் குப்பையிலிருந்து திரும்பி வருகிறது. விரல் நுனி அளவுள்ள பத்தாம் நம்பர் நட்டு வருவதில்லை. விலை வித்தியாசம் என்பார்கள். ஆனால் துகளை மீட்டது விலையல்ல, துடைப்பம்.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் எழும். ஒரு நட்டுக்காக அரைமணி நேரம் பெருக்குவதைவிட, கடையில் புதிதாக ஒன்று வாங்குவது மலிவல்லவா? மலிவுதான். புதியதை மாட்டி முடித்த நிமிடத்தில் பழையது காலடியில் காட்சி தரும் என்பதும் உலகறிந்ததே. ஆனால் கணக்கில் விட்டுப்போனது ஒன்று உண்டு. தரையில் கிடக்கும் நட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. அது தரையில்தான் கிடக்கிறதா என்பதுதான் கேள்வி. திறந்து வைத்த எஞ்சினுக்குள் விழுந்திருந்தால்? விமானந்தாங்கிக் கப்பல்களில் மாலுமிகள் வரிசையாக நின்று தளம் முழுவதும் குனிந்தபடி நடந்து குப்பை பொறுக்குவது அன்றாட வேலை. காரணம் இல்லாமல் இல்லை. 2000 ஜூலை 25 அன்று பாரிஸ் அருகே கான்கார்ட் விமானம் விழுந்து 113 பேர் இறந்தனர். இன்னொரு விமானத்திலிருந்து ஓடுபாதையில் விழுந்து கிடந்த உலோகத் துண்டு அதன் டயரைக் கிழித்ததே தொடக்கம் என்று விசாரணை சொன்னது. ஆகவே புதியதைத் தாராளமாக வாங்குங்கள். பழையது எங்கே என்று தெரிந்த பிறகு மாட்டுங்கள்.

அடுத்த ஆட்சேபம் பக்தியிலிருந்து வரும். புதுக்கோட்டை திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாளை, அதாவது அரைக்காசு அம்மனை நினைத்து வெல்லம் நேர்ந்துகொண்டால் தொலைந்தது கிடைக்கும் என்பது தமிழ்நாடு முழுக்கப் பரவிய நம்பிக்கை. சமஸ்தான காலத்தில் நவராத்திரிக்கு வழங்கிய, அவள் உருவம் பொறித்த சிறு காசிலிருந்து வந்த பெயர் அது. அந்த நம்பிக்கையோடு எனக்கு வழக்கில்லை. நேர்ந்துகொண்டவர் பதற்றம் தணிகிறார். பதற்றம் தணிந்தவர் கண்ணுக்கு மூலை முடுக்கும் தெரிகிறது. வெல்லத்தோடு துடைப்பத்தையும் எடுத்தால் அம்மனுக்கும் வேலை எளிது. மூன்றாவது ஆட்சேபம், பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுத்தால் போதாதா என்பது. எஃகுக்குப் போதும். கார்பரேட்டர் ஜெட் பித்தளை. காந்தம் பக்கத்தில் போனாலும் அது கண்டுகொள்ளாது. துடைப்பத்துக்கு இந்தப் பேதம் இல்லை. பௌர்ணமிக் கூட்டத்தில் பெருக்க நேரம் ஏது என்பது கடைசி ஆட்சேபம். காலையில் ஒரு முறை பெருக்கி, கழற்றியதைப் போட வண்டிக்கடியில் ஒரு பழைய தாம்பாளத்தை வைத்துவிட்டால், மாலையில் தவழும் நேரம் முழுக்க மிச்சம்.

வண்டிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏதோ ‘டிங்’ என்று விழும் சத்தம் கேட்டால் உதவிக்கு ஓடிவராதீர்கள், நின்ற இடத்தைவிட்டு அசையாதீர்கள். முதலில் செருப்பைத் தூக்கி அடியில் பாருங்கள். கிரீஸில் ஒட்டிக்கொண்ட வாஷர், பெருக்கிப் பார்ப்பதற்கு முன் பட்டறையைவிட்டு வெளியேறுவது உங்கள் காலோடுதான்.